பீரங்கிக் கப்பலில் ஒரு பொய்

அத்தியாயம் ஐந்து

"சீக்கிரம் பாருங்க. நின்னு ரசிக்கறதுக்கு இது எக்ஸிபிஷன் இல்லை" என்று சொல்லிவிட்டுப் பள்ளித் தாளாளர் எலியேசர் ஹாலின் கதவருகே நின்றுகொண்டார். கையைக் கட்டிக்கொண்டு அவர் நின்ற தோரணையைப் பார்த்தால், துப்பறிய வந்தவர்கள் சுவரையே பெயர்த்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தவர் மாதிரி இருந்தது.

ஞானஜோதி அதைக் கண்டுகொள்ளவில்லை. மேற்குத் தாம்பரத்தில் சைக்கிள் கடைக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் போடுவதற்கு முன்னால், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள் அவள். ஊரார் ஏச்சையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு குரல் மாறாமல் 'நம்பர் ப்ளீஸ்' சொல்லிப் பழகியவளுக்கு ஒரு தாளாளரின் முறைப்பு எம்மாத்திரம்? அவள் பாட்டுக்கு நடுச்சுவரில் தொங்கிய படத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்ற உதவியாளன் தயாளனும் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் விளங்கவில்லை என்று ஒப்புக்கொள்கிற ரகம் இல்லை அவன்.

அகலமான எண்ணெய் ஓவியம். நடுவில் ஒரு பாய்மரப் போர்க்கப்பல். மூன்று மரங்களிலும் பாய்கள் முன்பக்கமாகப் புடைத்துக்கொண்டு நிற்கின்றன. கப்பலின் விலாவில் இரண்டு வரிசையாகச் சதுரச் சன்னல்கள், சன்னலுக்கு ஒரு பீரங்கி எட்டிப் பார்க்கிறது. மரங்களின் உச்சியில் கொடிகள் படபடக்கின்றன. சட்டத்தில் அடித்த பித்தளைத் தகட்டில் 'சதுரங்கப்பட்டினக் கடற்போர், 1782' என்று பொறித்திருந்தது.

"இன்னாக்கா, எலெக்‌ஷன் ஊர்வலம் மாதிரி கீது" என்றான் தயாளன். "மூணு மரத்துலயும் கொடி சும்மா ஜம்முனு பறக்குது பாரு. கட்சிக்காரன் எவனாவது பார்த்தான்னா கையோட கழட்டிக்கினு போயிடுவான்."

அவன் சொன்னதிலும் தப்பில்லை. எழுபத்தோராம் வருஷத்துத் தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது. தாம்பரத்தில் மூச்சு விட்டால்கூட ஏதாவது ஒரு கொடி ஆடியது.

"விளையாட்டு இல்லை தம்பி" என்றார் எலியேசர். "நம்ம சதுரங்கப்பட்டினத்துக்கு எதிர்ல, கடல்ல, இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் போட்ட சண்டை அது. அந்தச் சண்டையில கப்பல்ல இருந்த ஒரு ஆபீசரே தன் கையால வரைஞ்ச படம் இங்க தொங்கிட்டு இருந்தது. இப்ப தொங்கறது போலி. அசலை எடுத்துட்டு இதை மாட்டினது எங்க பழைய வாத்தியார் எட்மண்ட் சார். ஸ்கூல் விட்டதும் இன்ஸ்பெக்டர் இங்க வந்து, போலின்னு கண்டுபிடிச்சவர்கிட்ட வாக்குமூலம் வாங்கிட்டு, எட்மண்ட் சாரையும் இங்கயே வரவழைச்சுக் கூட்டிட்டுப் போகப் போறார். இதுல நீங்க துப்பறிய என்ன இருக்கு?"

"போலின்னு முதல்ல சொன்னது யாரு?" என்று கேட்டாள் ஞானஜோதி, படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே.

"மயிலாப்பூர் கஸ்தூரிரங்கன். பழைய ஓவியங்களுக்கு மதிப்புப் போடறதுல பெரிய ஆள். இன்ஷூர் பண்ணலாம்னு அவரை வரவழைச்சோம். பெருங்களத்தூர்ல அந்தப் பெரிய கட்சிக் கூட்டம் நடந்த அன்னிக்கு வந்தார். வழியெல்லாம் லாரியும் காரும், அதான் லேட்டுன்னு மன்னிப்புக்கூடக் கேட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷன். படத்தைப் பார்த்ததுமே போலின்னு சொல்லிட்டார். சந்தேகமே வேணாம்னு மறுநாள் சோதனைக்கு எடுத்துட்டுப் போய், பெயிண்ட் புதுசுன்னு கெமிஸ்ட் சர்டிபிகேட்டோட திரும்பக் கொண்டுவந்து மாட்டியும் கொடுத்தார்."

"பார்த்ததுமே எப்படித் தெரிஞ்சுதாம்?"

"அனுபவம்ங்க. வேற என்ன?"

"எட்மண்ட் சார் கைக்குப் படம் எப்ப போச்சு?"

"கிறிஸ்துமஸ் லீவுல. சட்டம் செல்லரிச்சிருக்கு, நான் சரி பண்ணித் தர்றேன்னு வீட்டுக்கு எடுத்துட்டுப் போனார். நம்பிக் கொடுத்தேன். அப்பதான் மாத்தியிருக்கார்." எலியேசரின் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருந்தது. "ரெண்டு பேரும் ஒரே சர்ச். அவர் மூஞ்சியில இனி எப்படி முழிப்பேன்னு தெரியலை."

போலீஸைக் கூப்பிட்டுவிட்டு மூஞ்சியில் முழிப்பதைப் பற்றிக் கவலைப்படுகிற மனுஷனை என்ன செய்வது? தயாளன் வாயைத் திறந்தான். ஞானஜோதி அவன் முழங்கையைக் கிள்ளினாள். அவன் மூடிக்கொண்டான்.

எட்மண்டின் வீடு சேலையூர்ப் பக்கம். அவருடைய மனைவி ரத்தினபாய்தான் முந்தாநாள் தனியாக ஆபீஸ் படியேறி வந்து, ஞானஜோதியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள். இன்று கதவைத் திறந்தபோது அழவில்லை. அழுது தீர்ந்து போயிருந்தாள்.

"வெளியவே வர மாட்டேங்கிறார்மா. சர்ச்சுக்குக்கூடப் போகலை. பால்காரன் குரல் கேட்டாலே உள் ரூமுக்குப் போயிடறார். இன்னிக்கு அவங்க வருவாங்கன்னு தெரிஞ்சதும் குளிச்சு, கோட்டு போட்டுட்டு உட்கார்ந்திருக்கார்."

எட்மண்ட் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டை கட்டியிருந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் சரித்திரம் சொல்லிக்கொடுத்து ரிடையர் ஆன வாத்தியார். ரிடையர் ஆன பிறகும் வருஷத்துக்கு ஒரு நாள் அந்தப் படத்தின் கீழே நின்று பாய்மரப் போர்க்கப்பல்களைப் பற்றிப் பாடம் நடத்த மட்டும் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார். அவரைத்தான் இப்போது திருடன் என்கிறார்கள்.

"நான் எடுத்த படத்தை அப்படியேதாம்மா திருப்பி மாட்டினேன்" என்றார் எட்மண்ட். "அதுக்கு மேல சொல்ல என்கிட்ட ஒண்ணுமில்லை. கர்த்தருக்குத் தெரியும்."

"கர்த்தர் கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்ல மாட்டாரே சார்" என்றாள் ஞானஜோதி. "படத்தைப் பத்தி ஏதாவது சொல்லுங்க. எது வேணும்னாலும்."

அவர் தலையை ஆட்டினார். பேச்சு வரவில்லை. தயாளனுக்கு மௌனம் ஆகாது. மௌனத்தைக் கண்டால் அவன் வாய் தன்னால் திறந்துகொள்ளும்.

"சார், எனுக்கு ஒரு டவுட்டு. அவ்ளோ சனம் மாசக்கணக்குல கப்பல்ல கீறாங்களே. காலையில எந்திரிச்சா ஒதுங்கறதுக்கு எங்க போவாங்க?"

ரத்தினபாய் அவனை எரித்துவிடுகிறவள் மாதிரி பார்த்தாள். ஆனால் எட்மண்டின் முகத்தில் ஏதோ அசைந்தது.

"வருஷா வருஷம் யாராவது ஒரு பிள்ளை இதைக் கேட்காம இருக்காது" என்றார் மெதுவாக. "கப்பலோட மூக்குல. முன்பக்கக் கடைசியில."

"முன்னாடியா? இன்னா சார் இது, நாத்தம் மொத்தமும் உள்ள வருமே! பின்னாடி கட்டியிருந்தா காத்தோட போயிடும்ல?"

"அது ரயிலுக்கு தம்பி. ரயில் காத்தைக் கிழிச்சுட்டு ஓடுது, அதனால எல்லாம் பின்னால போகுது. பாய்மரக் கப்பலுக்குக் காத்துதான் இன்ஜினே. முதுகுல காத்து தள்ள, அது முன்னால ஓடும். பின்னால கட்டினா நாத்தம் நேரா கேப்டன் ரூமுக்குத்தான் போகும். கேப்டன் ரூம் பின்னாலதானே."

"கேப்டனுக்குன்னா நல்லா யோசிச்சுத்தான் கட்டிக்கீறான்" என்று தயாளன் ஆரம்பித்தான். ஞானஜோதி சட்டென்று எழுந்தாள்.

"அப்ப கொடி?"

"என்னம்மா?"

"காத்து பின்னால இருந்து வந்தா, மரத்து உச்சியில இருக்கற கொடி எந்தப் பக்கம் பறக்கும்?"

"முன்னாலதான். அதுதானே என் பாடமே!" எட்மண்ட் முதல் தடவையாக நாற்காலியின் நுனிக்கு வந்தார். "பிள்ளைங்களைப் படத்துக்குக் கீழ நிறுத்தி, கொடியெல்லாம் ஏன் கப்பல் போற பக்கமே நீட்டிட்டு இருக்குன்னு கேட்பேன். கார்லயும் சைக்கிள்லயும் கொடியைப் பார்த்த பிள்ளைங்க திருதிருன்னு முழிக்கும். அங்கேயிருந்துதான் நான் பாடத்தையே ஆரம்பிப்பேன்."

தயாளன் ஹாலில் பார்த்த படத்தை மனசுக்குள் கொண்டுவந்து நிறுத்தினான். பாய்கள் முன்னால் புடைத்திருந்தன. கொடிகள்? ஊர்வலத்துக் கார் மாதிரி, மூன்றும் பின்னால் பறந்தன.

"சார், இப்ப ஹால்ல தொங்கற படத்தை நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்டாள் ஞானஜோதி.

"எங்கம்மா விட்டாங்க? போலின்னு அந்த மனுஷன் சொன்ன அன்னிக்கே, இனிமே கேட்டைத் தாண்டக் கூடாதுன்னுட்டாங்க."

ஞானஜோதி ரத்தினபாயின் தோளைத் தொட்டாள். "போலீஸ் ஆள் வந்து கூப்பிட்டா கூட்டிட்டு வாங்க. ஆனா நான் சொல்ற வரைக்கும் சாரை ஹாலுக்குள்ள விடாதீங்க."

தயாளன் லாம்பிரெட்டா ஸ்கூட்டரை உதைத்தான். பின்னால் ஏறி உட்கார்ந்தவள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

"காப்பி அடிக்கிறவன் என்ன செய்வான்? மாட்டிக்கக் கூடாதுன்னு அச்சுப் பிசகாம அடிப்பான். கயிறு, பீரங்கி, அலை எல்லாம் ஒழுங்கா இருக்கு. கொடியை மட்டும் ஏன் திருப்பிட்டான்?"

"கை தவறியிருக்கும்க்கா."

"மூணு கொடியுமா? இது தவறு இல்லை தயா. திருத்தம். அசல் படத்துல கொடி தப்பா பறக்குதுன்னு அவன் நினைச்சிருக்கான். கப்பலைப் பத்தி ஒண்ணுமே தெரியாதவன். ஆனா கொடின்னா உயிரை விடறவன்."

ரயில்வே கேட் மூடியிருந்தது. இந்த மாதிரி நேரத்தில்தான் அந்தக் கேட் மூடும், அதற்கென்று ஒரு ராசி. அந்தப் பக்கம் ஒரு கட்சியின் ஊர்வலம் கேட் திறக்கக் காத்திருந்தது. அம்பாசடர்கள், வான்கள், மைக் கட்டின ஜீப். அவற்றுக்குப் பின்னால் நீண்ட மதில் சுவரில், அதே கட்சியின் கொடி ஆளுயரத்துக்கு வரைந்திருந்தது. தயாளன் எரிச்சலோடு அந்தச் சுவரை வெறித்துக்கொண்டிருந்தான். கொடித் துணியில் மூன்று மடிப்பு. முதல் மடிப்பு பெரிசு, அடுத்தது சின்னது, கடைசி மடிப்பு வால் மாதிரி மேலே சுருண்டிருந்தது.

"யக்கா!" அவன் வண்டியையே கீழே போட்டிருப்பான். "அந்த மடிப்பைப் பாரு! கப்பல் கொடியிலயும் இதே மூணு மடிப்பு. அந்த வாலும் அப்படியே கீது!"

"யாரு கை இது?"

"ஏழுமலை கை. பேனர் ஆர்ட்டிஸ்ட்டு. பெருங்களத்தூர்லேர்ந்து குரோம்பேட்டை வரிக்கும் செவுத்துல பறக்கற கொடி மொத்தமும் அவன் பறக்கவுட்டதுதான்."

கேட் திறந்தது. ஊர்வலம் இந்தப் பக்கம் வர, லாம்பிரெட்டா அந்தப் பக்கம் போக, நடுவில் பத்துப் பேர் தயாளனின் வம்சத்தையே விசாரித்தார்கள். அவனும் பதிலுக்கு விசாரித்துக்கொண்டே புகுந்து போனான். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பள்ளி விட இனி அதிக நேரம் இல்லை.

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி ஒரு கீற்றுக் கொட்டகை. சுற்றிலும் பேனர்கள் காய்ந்துகொண்டிருந்தன. ஏழுமலை ஏணியில் நின்று ஒரு தலைவருக்குக் கன்னத்தில் சதை ஏற்றிக்கொண்டிருந்தார். தயாளன் பேச வாயெடுக்கும் முன் ஞானஜோதி முந்திக்கொண்டாள்.

"ஏழுமலை அண்ணா, நீங்க வரைஞ்ச கப்பல் படத்துல கொடியெல்லாம் தப்பா பறக்குதாமே? ஊர்ல சிரிக்கிறாங்க."

பிரஷ் நின்றது. ஏழுமலை ஏணியிலிருந்து விறுவிறுவென்று இறங்கினார்.

"எவன் சொன்னான்? எம்மா, தப்பா இருந்ததை நான்தாம்மா சரி பண்ணேன்! அந்த வெள்ளக்காரனுக்குக் கொடியே போடத் தெரியல. கப்பல் இப்டிக்கா போவுது, கொடியும் இப்டிக்கா போவுது. போன எலெக்‌ஷன்ல நான் ஒருவாட்டி காரு வரைஞ்சு, கொடியை முன்னாடி பறக்கவுட்டேன். வட்டச் செயலாளர் வந்து பார்த்துட்டு, தலைவர் வண்டி இன்னா ரிவர்ஸ்ல போவுதான்னு கேட்டு, அத்தினி பேரு எதிர்க்க பளார்னு வுட்டான். அன்னியிலேர்ந்து என் கொடி ஒண்ணு தப்பா பறந்ததுன்னு எவனாவது சொல்லட்டும், பிரஷ்ஷை ஒடிச்சுப் போட்டுடறேன்."

"யாருக்காக வரைஞ்சீங்க?"

"நாடகத்துக்கு வேணும்னு ஒரு பெரிய மனுசன் வந்தாரு. தங்கக் கம்பிக் கண்ணாடி, மயிலாப்பூர்ப் பேச்சு. பழைய படத்தை என்கிட்ட வுட்டுட்டு, சீக்கிரம் காயற மாதிரி பெயிண்டு கலந்து இதே மாதிரி ஒண்ணு போடுன்னாரு."

தயாளன் தலையில் கை வைத்துக்கொண்டான். கஸ்தூரிரங்கன்! போலி என்று கண்டுபிடித்த அதே ஆசாமி!

"என்னிக்கு வந்தார்?" ஞானஜோதியின் குரல் தணிந்தது. எக்ஸ்சேஞ்சில் முக்கியமான டிரங்க் கால் வரும்போது அவள் குரல் இப்படித்தான் தணியுமாம்.

"மைதானத்துல எங்க கூட்டம் நடந்துதே, அதுக்கு மறுநா. பந்தலைக்கூட இன்னும் பிரிக்கல."

"கூட்டத்துக்கு மறுநாள்" என்று அவள் திருப்பிச் சொன்னாள். "தயா, கஸ்தூரிரங்கன் ஹாலுக்கு வந்து போலின்னு சொன்னது என்னிக்கு?"

"கூட்டத்தன்னிக்கு. காருங்க நடுவுல மாட்டிக்கினாருன்னு அந்த எலியேசர் சார்..." தயாளன் பாதியில் நின்றான். பிறகு கத்தினான். "யக்கா! அப்ப அன்னிக்கு ஹால்ல தொங்கினது அசலு!"

"அசலேதான். அசலைப் பார்த்துப் போலின்னு சொன்னார். யாரும் மறுக்கலை. சோதனைன்னு சொல்லிப் பகல்லயே எல்லார் கண்ணு முன்னாலயும் எடுத்துட்டுப் போனார். நிஜமான போலி அதுக்கப்புறம்தான் பிறந்தது. கிறிஸ்துமஸ்ல எட்மண்ட் சார் கையில இருந்தது, பாவம், கஸ்தூரிரங்கனுக்குச் சௌகரியமாப் போச்சு."

"பழசு இப்ப எங்க?" என்று ஏழுமலையிடம் கேட்டான் தயாளன்.

"அவருதான் எடுத்துக்கினு பூட்டாரு. படத்தை ரெண்டு தட்டிப் பலகைக்கு நடுவுல வெச்சு ஆணி அடிச்சு, பலகை மேல எங்க சின்னம் ஒண்ணு எழுதிக் கொடுக்கச் சொன்னாரு. இந்த டைம்ல கட்சிப் பலகையை எவன் பிரிச்சுப் பார்ப்பான்? அவரு திரும்ப வரதுக்குள்ள அடிச்சு ரெடியா வெச்சுட்டேன்."

"அப்ப ரெண்டு படத்தையும் அவர் பக்கத்துல வச்சுப் பார்க்கவே இல்லையா?" ஞானஜோதி அவர் கையையே பிடித்துவிட்டாள். "கொடியைத் திருப்பினதை அவர்கிட்ட சொன்னீங்களா?"

"எதுக்கும்மா சொல்லணும்? சரியா போடறது நம்ம கடமை."

அவள் சிரித்தாள். அன்று முழுக்க அவள் சிரித்தது அப்போதுதான். "அண்ணா, சட்டையை மாட்டிட்டு வாங்க. ஸ்கூட்டர்ல மூணு பேர் போறோம்."

"யக்கா, நேரா இன்ஸ்பெக்டராண்ட இவரைக் கொண்டாந்து நிறுத்தினா போதாதா?"

"குடிச்சுட்டு உளர்றான்னு ஒரே வார்த்தையில தள்ளிடுவார். பெரிய மனுஷன் ஒருத்தர், பேனர் எழுதறவர் ஒருத்தர். இன்ஸ்பெக்டர் யாரை நம்புவார்? கஸ்தூரிரங்கன் வாயாலயே வரணும்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பள்ளி விட்டுவிட்டது. பிள்ளைகள் கூட்டம் கேட்டைத் தாண்டிக் கலைந்துகொண்டிருந்தது. போலீஸ் ஜீப் நின்றது. பக்கத்தில் கஸ்தூரிரங்கனின் ஃபியட். தயாளன் அதன் கூரையைப் பார்த்தான். கேரியரில் கயிறு மட்டும் கிடந்தது. பலகை இல்லை.

"பேஜாரு!" என்று முணுமுணுத்தான். "சரக்கு எங்கியோ பூட்டுதுக்கா."

"தெரியுது" என்றாள் அவள். அவள் முகம் வெளுத்திருந்தது. "இனிமே வார்த்தைதான் மிச்சம். ஏழுமலை அண்ணா, நான் கூப்பிடற வரைக்கும் இந்தத் தூணுக்குப் பின்னால நில்லுங்க. தயா, அதோ எட்மண்ட் சார் ரிக்‌ஷாவுல வர்றார். அவரை வராந்தாவுலயே நிறுத்து. உள்ள வந்து அந்தக் கொடியைப் பார்த்து அவர் ஒரு வார்த்தை சொன்னாலும் போச்சு. கஸ்தூரிரங்கன் உஷாராயிடுவார். புரியுதா?"

அவள் உள்ளே போனாள். தயாளன் ஹால் சன்னலுக்கும் ரிக்‌ஷாவுக்கும் நடுவே போய் நின்றான். சைக்கிள் செயினோடு வருகிறவனைச் சமாளித்திருக்கிறான், ஆனால் கோட்டும் டையும் போட்ட ஒரு வாத்தியாரைத் தடுத்து நிறுத்துவது இவ்வளவு கஷ்டம் என்று அவனுக்குத் தெரியாது.

"வழி விடு தம்பி" என்றார் எட்மண்ட். "எதுக்கு என்னை ஒளிச்சு வைக்கிறீங்க? நான் திருடனில்லை. நேரா போய் அவர் முன்னால நிக்கறேன்."

உள்ளே இன்ஸ்பெக்டரின் குரல் உயர்ந்தது. "எங்கய்யா அந்த வாத்தியார்? வந்துட்டாரா?"

ரத்தினபாய் கணவரின் கோட்டைப் பிடித்து இழுத்தாள். அவர் உதறினார். தயாளனுக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை.

"சார், சார், ஒரே ஒரு டவுட்டு. அந்தப் பீரங்கியை எல்லாம் கப்பலுக்கு முன்னாடி வெச்சா நேரா சுடலாம்ல? எதுக்கு விலாவுல வெச்சான்?"

எட்மண்ட் நின்றார். கைதாகப் போகிற நேரத்திலும், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் தாண்டிப் போக அவரால் முடியவில்லை.

"முன்னால இடம் ஏது? நீளமெல்லாம் விலாவுலதானே இருக்கு. அதனால எதிரியை அடிக்கணும்னா கப்பலைத் திருப்பி நம்ம விலாவை அவனுக்குக் காட்டணும். காட்டினா அவனும் நம்மளை அடிப்பான். அதுக்குத் துணிஞ்சவன்தான் ஜெயிப்பான். ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வரிசை கட்டி..."

தயாளன் தலையை ஆட்டிக்கொண்டே ஒரு காதைச் சன்னலில் வைத்தான். ஞானஜோதி பேசிக்கொண்டிருந்தாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்க கஸ்தூரிரங்கன் சார். நான் எட்மண்ட் சாருக்காக வந்தவ. எனக்கு உங்க மேல நம்பிக்கை இல்லை. படம் போலின்னு அனுபவத்துல தெரிஞ்சுதுன்னு சொன்னா கோர்ட்ல வக்கீல் சிரிப்பார். அன்னிக்கு நீங்க ஒண்ணுமே பார்க்காம சும்மா அடிச்சு விட்டீங்கன்னு நான் சொல்றேன்."

"என்னம்மா பேசறே நீ?" கஸ்தூரிரங்கனின் குரல் ஏறியது. "இன்ஸ்பெக்டர், இவாளை யார் உள்ளே விட்டது?"

"ஒரே ஒரு தப்பைக் காட்டுங்க. இந்தப் படத்துல, இங்கேயே, எல்லார் எதிர்லயும். காட்டிட்டா நான் மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன். எட்மண்ட் சாரையும் நானே ஜீப்புல ஏத்தி விடறேன்."

தயாளன் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டான். இப்படியா விலாவைக் காட்டுவாள்? அந்த ஆள் பெயிண்ட் வாசனை, துணி புதுசு என்று ஏதாவது சொல்லித் தொலைத்தால்?

பிறகு செருப்புச் சத்தம் படத்தை நோக்கிப் போனது.

"இங்கே வந்து பாருங்கோ எல்லாரும். பாய் எந்தப் பக்கம் உப்பிண்டிருக்கு? முன்னாடி. அப்போ காத்து எங்கேர்ந்து வரது? பின்னாடியிருந்து. கொடி எப்படிப் பறக்கறது? பின்னாடி! பாய்மரக் கப்பல்ல இது நடக்கவே நடக்காது. கடல்ல சண்டை போட்டவன் இப்படி வரைவானோ? கப்பலையே பார்க்காத எவனோ வரைஞ்சது இது. போறுமா?"

"இதை அன்னிக்கே, முதல் நாளே பார்த்தீங்களா?"

"வாசப்படி ஏறினதுமே கண்ணுல பட்டுது. அதுக்கப்புறம்தானே போலின்னு சொன்னேன்."

"எலியேசர் சார், கேட்டீங்களா? இன்ஸ்பெக்டர், எழுதிக்கோங்க." ஞானஜோதியின் குரல் ஹால் முழுவதும் கேட்டது. "ஏழுமலை அண்ணா! உள்ள வாங்க!"

ஏழுமலை தூணுக்குப் பின்னாலிருந்து வந்து, தோள் துண்டைச் சரி பண்ணிக்கொண்டு உள்ளே போனார். கஸ்தூரிரங்கன் அவரைப் பார்த்துத் திடுக்கிட்டதை ஹாலில் எல்லோரும் பார்த்தார்கள். கேள்வி கேட்கவே வேண்டியிருக்கவில்லை, கொடி தப்பு என்று சொன்னது காதில் விழுந்ததே ஏழுமலைக்குப் போதுமானதாக இருந்தது.

"தப்புன்றியா? யோவ், நீ கொண்டாந்து குடுத்த படத்துலதான்யா கொடி தப்பா முன்னாடி பறந்துச்சு! நான்தான் திருப்பிப் போட்டேன்! கூட்டத்துக்கு மறுநா என் கொட்டாயில நீ குந்திக்கினு டீ குடிக்கல?"

"இவன் யாருன்னே எனக்குத் தெரியாது" என்றார் கஸ்தூரிரங்கன். "குடிகாரன்."

"இருக்கட்டும் சார்" என்றாள் ஞானஜோதி. "இவரை விட்டுடுங்க. எலியேசர் சார், நீங்க சொல்லுங்க. எட்மண்ட் சார் வருஷா வருஷம் இந்தப் படத்தை வச்சு என்ன பாடம் எடுப்பார்? இங்கயே படிச்ச உங்க பொண்ணுங்க வீட்டுல வந்து சொல்லியிருப்பாங்களே."

எலியேசர் படத்தைப் பார்த்தார். முதல் தடவையாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். அவர் உதடுகள் அசைந்தன. "கொடி ஏன் முன்னால பறக்குதுன்னு... பெரியவ வீட்டுல வந்து என்கிட்டயே கேட்டா. பதில் தெரியாம முழிச்சேன்." அவர் குரல் உடைந்தது. "முன்னாலதான் பறந்தது. பொங்கலுக்கு அப்புறம்கூட எட்மண்ட் சார் இங்கதான் நின்னு பாடம் எடுத்தார். அப்பவும் முன்னாலதான் பறந்திருக்கணும். இல்லாட்டி பிள்ளைங்களே கேட்டிருக்குமே. அப்ப கிறிஸ்துமஸ்ல படம் மாறவே இல்லை."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். கஸ்தூரிரங்கன் வாசல் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார். வாசலில் தயாளன் நின்றான்.

"அவசரமா சார்? பம்பாய் ஃப்ளைட்டா?"

சும்மா விட்ட அம்பு அது. கஸ்தூரிரங்கனின் முகம் தொங்கிப் போனதைப் பார்த்த பிறகுதான் தைத்துவிட்டது என்று தயாளனுக்கே தெரிந்தது. ஞானஜோதி ஒரே எட்டில் தாளாளர் அறைக்குப் போய் டெலிபோனை எடுத்து, எக்ஸ்சேஞ்சில் இருந்த பழைய சிநேகிதியைப் பிடித்தாள். "சரோஜினி, நான் ஜோதி. மீனம்பாக்கம் சரக்கு ஆபீஸ் குடு. லைன்ல யார் இருந்தாலும் வெட்டு." சின்னம் எழுதின பலகையைப் பற்றி அவள் சொல்ல, பின்னாலேயே வந்த இன்ஸ்பெக்டர் அவள் கையிலிருந்து ரிசீவரை வாங்கிப் பேசினார். பேசி முடித்து ஹாலுக்குத் திரும்பியபோது பெருமூச்சு விட்டார்.

"கட்சிச் சின்னம் எழுதின தட்டிப் பலகை ஒண்ணு. இன்னும் ஏத்தலையாம். நிறுத்தி வச்சுட்டாங்க."

கஸ்தூரிரங்கன் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தார்.

அப்போதுதான் எட்மண்ட் ஹாலுக்குள் வந்தார். இனி அவரைத் தடுக்க யாருக்கும் அவசியம் இல்லை. சுவரில் தொங்கிய படத்தை நிமிர்ந்து பார்த்தார். மூன்று கொடிகளையும் பார்த்தார். ஏதோ அடிபட்டவர் போல ஒரு சத்தம் அவரிடமிருந்து வந்தது.

எலியேசர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தார். "எட்மண்ட் சார், என்னை மன்னிக்கணும். நான் தப்புப் பண்ணிட்டேன். அடுத்த வாரமே நீங்க வந்து..."

"எலியேசர்" என்றார் எட்மண்ட். கோபப்படவில்லை, பாடம் நடத்துகிற அதே குரல். "இந்தப் படம் மாட்டினதுலேர்ந்து தினம் காலையில இதுக்குக் கீழதானே பிரேயர்? நீங்க, டீச்சர்ஸ், கமிட்டிக்காரங்க, எல்லாரும் இதைப் பார்த்துட்டுத்தானே நின்னீங்க. கொடி திரும்பினது ஒருத்தர் கண்ணுலயும் படலை. நான் திருடன்னு மட்டும் எல்லாருக்கும் உடனே பட்டுடுச்சு."

எலியேசர் நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. எட்மண்ட் அதைத் தொடவில்லை. ரத்தினபாய் பக்கம் திரும்பி, "வா போகலாம்" என்றார்.

தயாளன் முன்னால் ஓடினான். "சார், ரிக்‌ஷா ரெடியா கீது. திரை போட்டு வெச்சிருக்கான். யாரு கண்ணுலயும் படாம வூட்டாண்ட இறக்கி வுட்டுடுவான்."

எட்மண்ட் படியில் நின்று டையைச் சரி செய்துகொண்டார். கண் நிறைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை.

"வேண்டாம்ப்பா. அதை அனுப்பிடு. கடைத்தெரு வழியா நடந்து போறேன். எல்லாரும் பார்க்கட்டும்."

மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கேட்டைத் தாண்டினார். வெளியே நின்ற பால்காரன் வணக்கம் சொன்னான். எட்மண்ட் நின்று, அவன் முகத்தைப் பார்த்து, திருப்பி வணக்கம் சொல்லிவிட்டு நடந்தார்.